விழுந்தவருக்குச் சொல்லும் சொல்

வெண்டிக்காய் வாங்கும் விஷயத்தில் மட்டும் திரேசா கட்டின புருசனையும் நம்பமாட்டாள். நுனியை விரலால் ஒடித்துப் பார்க்க வேண்டும். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு. ஒடியாமல் வளைந்தால் முற்றல், மாட்டுக்குத்தான் போடலாம். காப்பெல் சந்தியில் தகரக் கொட்டகை போட்டு மரக்கறி விற்ற வெள்ளைக்காரக் கிழவிக்கு இந்த வேலை பிடிப்பதேயில்லை. சனிக்கிழமைகளில் திரேசாவுக்குப் பக்கத்தில் நின்று அவளைப் போலவே நுனி ஒடிக்கும் ஆறடி நெடுவல் ஒருவன் மீதும் கிழவிக்கு அதே கோபம்.

"நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாட்டு ஆட்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஒரே பள்ளிக்கூடம்" என்றாள் திரேசா.

பொய்யில்லை. நைஜீரியாவில் இலேஷா என்ற ஊரில் அவள் ஐந்து வருசம் ஆங்கிலம் படிப்பித்தவள். இந்த நெடுவல், கயோடே, மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் இருந்து அவளிடம் படித்தவன். யாழ்ப்பாணத்து வாத்திமார் கூட்டங் கூட்டமாய் ஆபிரிக்காவுக்குப் போன காலம் அது. எண்ணெய்க் காசு பொங்கிய நாடு ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்துவிட்டுப் படிப்பிக்க ஆள் தேடியது. திரேசாவும் அவள் கணவன் தர்மராசாவும் போனார்கள். மகள் ஜெசிந்தா அங்கேதான் பிறந்தாள். எண்பத்துமூன்றில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் பெட்டி கட்டிய கிழமையில், கொழும்பு எரிகிறது என்று ரேடியோ சொன்னது. கட்டின பெட்டியை அவிழ்க்காமலே அமெரிக்காவுக்குத் திருப்பினார்கள்.

இப்போது எண்பத்தைந்து, ஜூலை மாதம். டெக்ஸஸில் இந்தக் காப்பெல் அன்றைக்கு ஊரென்று சொல்லத் தக்கதாய் இல்லை. ஒரு பக்கம் பருத்தி எடுத்த தரிசு, மறுபக்கம் டலஸ் விமான நிலையம். விமானங்கள் கூரையை உரசுகிற மாதிரி இறங்கும்போது திரேசாவின் வாடகை வீட்டில் கோப்பைகள் கிலுகிலுக்கும். தர்மராசா ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பிழை பிடித்தான். திரேசா ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். 'மேடம்' என்று நாற்பது பிள்ளைகள் ஒன்றாய் எழும்பி நின்ற காலம் போய், கிழவர்களுக்குப் படுக்கை மாற்றுகிற காலம் வந்திருந்தது.

ஏக்கம் எந்தப் பக்கத்தால் வரும் என்று யார் கண்டது? யாழ்ப்பாணத்தை நினைத்து அழுவாள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அவள் ஏங்கியதோ இலேஷாவுக்கு. யாழ்ப்பாணத்தை நினைக்கப் பயமாயிருந்தது, அவ்வளவுதான். இலேஷாவைப் பயமில்லாமல் நினைக்கலாம். சொந்த ஊருமில்லாத, சொந்தக்காரர் ஒருவருமில்லாத ஊருக்கு ஒருத்தி ஏங்குகிறாள் என்றால் சனம் சிரிக்கும். ஆகவே அதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த ஊருக்குப் போன முதற் கிழமை, மழை பெய்து விட்ட சந்தையில் சேலையோடு சறுக்கி விழுந்தாள். சுற்றி இருந்த பெண்கள் அத்தனை பேரும், "பெலே, பெலே", "சாரி, சாரி-ஓ" என்றார்கள். மிளகாய்க்காரி சொன்னாள். எதிர்ப்பக்கத் துணிக்கடைக்காரன் சொன்னான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்கள். சேற்றைத் துடைத்துக்கொண்டே திரேசா திகைத்துப் போனாள். தானாகச் சறுக்கின தன்னிடம் இந்த ஊர் ஏன் மன்னிப்புக் கேட்கிறது? மன்னிப்பில்லை என்று பிறகுதான் விளங்கியது. அவர்கள் பாஷையில் 'பெலே' என்றால் நோகிறதே உனக்கு என்று கருத்து. அதை ஆங்கிலத்தில் சொல்ல 'சாரி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். விழுந்தவருக்கு, நோயாளிக்கு, செத்த வீட்டுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான்.

கொழும்புச் செய்தி வந்த அன்றும் தெரு முழுக்க வந்தது. ஒவ்வொருவராய் வாசலில் நின்று தர்மராசாவின் கையைப் பிடித்து "பெலே, சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கயோடேயின் தகப்பனும் வந்தார். கொழும்பு எந்தத் திசையில் இருக்கிறதென்றே அந்த மனிதருக்குத் தெரியாது. அன்று தர்மராசா அழுததைத் திரேசா பார்த்தாள். அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

கயோடே அதற்கு முந்தின வருசமே டலஸுக்குப் படிக்க வந்துவிட்டான். நைஜீரியாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, வெளிநாட்டுக்குப் பணம் போகிற வழி அடைபட்டதும், அவன் தெருவுக்கு வந்தான். ஒரு கடையில் திரேசா மகளை நைஜீரிய ஆங்கிலத்தில் ஏசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டு, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து "மா" என்று ஓடிவந்தான். அவர்கள் ஊரில் வாத்திச்சியை 'மா' என்றுதான் கூப்பிடுவார்கள். 'மேடம்' என்பதன் வால் அது. ஆனால் தமிழ்ச்சி காதில் அது வேறு மாதிரித்தானே விழும். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்து, பின்னறையைக் கொடுத்து, கல்லூரியிடம் வேலை செய்ய அனுமதிக் கடிதம் வாங்க வைத்து, தன் முதியோர் இல்லத்திலேயே சேர்த்தும் விட்டாள். படிப்பு முடிய இன்னும் ஒரு தவணைதான் இருந்தது.

பின்னேரங்களில் அவன் சமையலறை மேசையில் இருந்து ஒரு கொப்பியில் எழுதுவான். தன் நாடு எங்கே வழி பிழைத்துப் போனது என்று எழுதுகிறானாம்.

"இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்று திரேசா கேட்பாள். இருவரும் பேசியது ஆங்கிலம், ஆனால் இலேஷாக் கடைத்தெருவில் புழங்கின ஆங்கிலம்.

"பொலிஸ்காரனைப் பற்றி, மா. வீதியில் மரக்கட்டையைப் போட்டு மறித்து, எனக்கென்ன வைத்திருக்கிறாய், கோலா இல்லையா என்று கேட்பானே, அவனைப் பற்றி."

கோலா என்பது அந்த ஊரில் விருந்தாளிக்குக் கொடுக்கிற கொட்டை. எங்கள் வெற்றிலை பாக்குப் போல. லஞ்சத்துக்கும் அதே பெயர்.

"கொழும்பில் அதற்குப் பெயர் சந்தோசம்" என்றான் தர்மராசா. "பாஸ்போட் எடுக்கப் போனேன். கந்தோர்க்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு, ஒரு சந்தோசம் தாருங்கள் என்றான். அவன் சந்தோசப்பட்டான், நான் படவில்லை."

கயோடே சிரித்துவிட்டுப் பிறகு சிரிப்பை நிறுத்தினான். "என் அப்பா தபால் கந்தோரில் முப்பது வருசம் இருந்தவர். ஒரு கோலா வாங்கியதில்லை, கொடுத்ததுமில்லை. அம்மா அதற்காகவே அவரை ஏசுவாள். ஆனால் என் பாஸ்போட்டுக்கு அவர் கொடுத்தார், சார். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டார். அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு என் படம் தெரிவதில்லை, அவர் படுத்திருந்ததுதான் தெரிகிறது."

"அதையும் எழுதினாயா?"

"எழுதத்தான் தொடங்குகிறேன், மா. பொலிஸ்காரனில் தொடங்கினால், அவன் பக்கத்தில் சோளம் சுட்டு விற்கிற பெண் வந்துவிடுகிறாள். அந்தச் சோளத்தின் மணம் வந்துவிடுகிறது. நாட்டைத் திட்டத் தொடங்கின ஒவ்வொரு பக்கமும் சாப்பாட்டில் போய் முடிகிறது. ஊர் கெட்டுவிட்டது என்று எழுத எழுத, அந்தக் கெட்ட ஊர்தான் வேண்டும் போலிருக்கிறது." பேனையை மூடிவிட்டுக் கேட்டான்: "இங்கே கோலாவுக்கு என்ன பெயர், மா? மூன்று வருசமாய் இருக்கிறேன், ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை."

"இங்கே அது இல்லைப் போல" என்றாள் திரேசா.

பிறகு அவன் வெண்டிக்காய் வெட்ட எழும்பினான். இதில் இருவருக்கும் ஓயாத சண்டை. அவனுக்கு வெண்டிக்காய் பொடியாய் அரிந்து வழுவழுவென்று கூழாய் வர வேண்டும். திரேசாவுக்கு அந்த வழுவழுப்பே ஆகாது. பெரிய துண்டாய் வெட்டி, எண்ணெயில் பொரித்துப் புளிக்குழம்பில் போட வேண்டும். கடைசியில் பாதி பாதியாய்ப் பிரித்து இரண்டு சட்டி ஏற்றுவார்கள்.

வினை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முதியோர் இல்லத்தில் புரூயிட் என்று ஒரு கிழவர். பருத்தி போட்ட குடியானவர், வாய் ஓயாமல் மழையைப் பற்றியே பேசுவார். கயோடே மீது அவருக்குத் தனிப் பாசம், வாரப்பாடு. காலைச் சாப்பாட்டுக்கு நடந்து வரும்போது, சுவரோரக் கைப்பிடியை நம்பிச் சாய்ந்தார். கைப்பிடி ஆணியோடு கழன்று கையோடு வந்தது. திரேசாவின் கண்முன்னே கிழவர் விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று.

அந்தக் கைப்பிடி ஆடுகிறதென்று திரேசா பழுதுக் கொப்பியில் இரண்டு தரம் எழுதியிருந்தாள்.

கயோடே நடைக்கூடத்தின் மறு அந்தத்தில் இருந்து தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான். நிலத்தில் அமர்ந்து கிழவரின் தலையை மடியில் ஏந்தி, "சாரி, சார். சாரி-ஓ. சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். தகப்பனைப் பார்க்க அப்போதுதான் உள்ளே வந்த புரூயிட்டின் மகள் கண்டது இதைத்தான்: நிலத்தில் தகப்பன், அவரைப் பிடித்தபடி மன்னிப்புக் கேட்கும் ஒரு கறுத்த இளைஞன். "என்ன செய்தாய் அவரை?" என்று அவள் கத்தினாள். அவன் அவளுக்கும் "சாரி, மா" என்றான்.

வேறென்ன சொல்வான்? அவனுக்குத் தெரிந்த மனிதத்தனம் அது.

புதன்கிழமை நிர்வாகி பாலசுப்ரமணியன் திரேசாவை அறைக்குக் கூப்பிட்டார். மைலாப்பூர்க்காரர், கெட்ட மனிதரென்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவர். திரேசாவுக்கு கிரீன் கார்டுக்காக இல்லத்தின் பெயரில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

"உக்காருங்க திரேசா. ஆத்துல ஜலஜா உங்களுக்குன்னு பருப்புப் பொடி குடுத்து அனுப்பிச்சிருக்கா, போறச்சே ஞாபகமா எடுத்துண்டு போங்க." தட்டெழுத்து அடித்த ஒரு தாளைத் தள்ளினார். "வெள்ளிக்கிழமை காத்தால இன்ஷூரன்ஸ் ஆள் வரான். அந்தப் பையன் கவனமில்லாம விட்டுட்டான், அவனே சாரி சொல்லிட்டான்னு ரிப்போர்ட் ரெடியா இருக்கு. பக்கத்துல இருந்தது நீங்கதான். சாரி சொன்னதை நான் கேட்டேன்னு ஒரு லைன். சைன் பண்ணிடுங்க."

"சார், அவன் விழுத்தேல்லை. அவன் அங்காலை நிண்டவன்."

"விழுத்தினான்னு நீங்க எழுத வேண்டாம். நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. சாரி சொன்னானா இல்லையா?"

"சொன்னவன்தான்."

"எத்தனை தடவை?"

"கன தரம்."

"அப்புறம் என்ன?"

"சார், அந்த நாட்டிலை அந்தச் சொல்லுக்குக் கருத்து வேறை. நான் அங்கை இருந்தனான், எனக்குத் தெரியும். விழுந்த ஆக்களுக்கு ஆர் எண்டாலும் சொல்லுவினம்."

"இது டெக்ஸஸ் திரேசா. இங்க சாரின்னா சாரிதான்."

"கைப்பிடி ஆடுது எண்டு நான் கொப்பியிலை ரெண்டு தரம் எழுதினனான்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நோட்டு எங்க போச்சுன்னு தெரியலை. தேடிண்டிருக்கோம். இங்க பாருங்க, அவன் இன்னிக்கு இருப்பான், நாளைக்குப் போவான். ஸ்டூடண்ட் தானே. உங்க பேப்பர்ஸ் அடுத்த வாரம் போகணும், நான் கையெழுத்துப் போட்டாத்தான் போகும். நான் மிரட்டறேன்னு நெனைக்காதீங்க. ஃபேமிலி மாதிரி சொல்றேன். கொஞ்சம் கோஆபரேட் பண்ணுங்க."

கயோடே கேட்ட கேள்விக்கு அப்போது திரேசாவுக்குப் பதில் கிடைத்தது. இங்கே அதற்குப் பெயர் கோஆபரேட்.

அன்று பின்னேரம் புருசனும் பெண்சாதியும் வீட்டு வாசலில் நிறுத்தின காருக்குள் இருந்து கதைத்தார்கள். அந்தச் சின்ன வீட்டில் ரகசியம் பேச வேறு இடமில்லை. இருக்கை சுட்டது. உள்ளே ஜெசிந்தா டிவி பார்ப்பதும், வேலைக்கு வரவேண்டாமென்று நிறுத்தி வைக்கப்பட்ட கயோடே அடுப்பைத் துடைப்பதும் ஜன்னலால் தெரிந்தன.

"அவன் என்ன சொல்லுறான்?" என்றான் தர்மராசா.

"நீங்கள் இருக்கிறீர்களே மா, உங்களுக்குத் தெரியும்தானே எண்டு சொல்லுறான். அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

"நீர் கையெழுத்து வைக்காட்டி?"

"என்ர பேப்பர் போகாது. வைச்சால், கவலையீனம் எண்டு கல்லூரிக்கு அறிவிப்பினம். வேலை செய்யிற கடிதம் போகும், விசா போகும். ஒரு தவணை இருக்கேக்குள்ளை வெறுங்கையோடை ஏத்திவிடுவாங்கள்."

தர்மராசா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இஞ்சாரும், நீர் பொய் சொல்லேல்லைத்தானே."

"மெய்யும் சொல்லேல்லையப்பா."

"அவனுக்குத் திரும்பிப் போக நாடெண்டு ஒண்டு இருக்கு. என்ன கேடு கெட்டாலும் அவன்ர நாடு. தாய் தகப்பன் இருக்கினம். எங்களுக்கு என்ன இருக்கு, சொல்லும்? நாளைக்கு எங்களை ஏத்திவிட்டால் எங்கை போய் இறங்கிறது? பிள்ளையைக் கொண்டு கொழும்பிலையோ?"

ஒரு விமானம் தாழ்ந்து தலைக்கு மேலால் போயிற்று.

"வைச்சிட்டு வாரும்" என்றான் அவன். "கடவுள் மன்னிக்கட்டும். வைச்சிட்டு வாரும்."

வியாழக்கிழமை மத்தியானம் திரேசா கையெழுத்து வைத்தாள். யாழ்ப்பாணத்திலும் இலேஷாவிலுமாய் இருபது வருசம் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மையால் பிழை திருத்திய கை அது. அந்தத் தாளில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. பாலசுப்ரமணியன் எழும்பி நின்று நன்றி சொன்னார். பருப்புப் பொடிப் போத்தலை மறக்காமல் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது கயோடே வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தான். பலகையைப் பார்த்தாள். பாதி பாதியாய்ப் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் அவளுக்குப் பிடித்தபடி பெரிய துண்டாகவே வெட்டியிருந்தான். களைத்து வருவாள் என்று நினைத்திருப்பான். தர்மராசா தொட்டியடியில் நின்று அரிசி கழுவினான். திரேசா கைப்பையை மேசையில் வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று வழி முழுக்க நினைத்து வந்தவள், அந்தப் பலகையைக் கண்டதும் கதிரையை இழுத்து அமர்ந்தாள்.

"கயோடே, நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

"எதில், மா?"

"நீ சாரி சொன்னாய் என்று. அதை நான் கேட்டேன் என்று. எழுதியிருப்பது அவ்வளவுதான். ஆனால் அது அவர்களுக்குப் போதும். கைப்பிடியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. எனக்கு அந்தச் சொல் என்னவென்று தெரியும், தெரிந்துகொண்டுதான் போட்டேன். என்னுடைய கடதாசிக்காகப் போட்டேன்."

கயோடே கத்தியை வைத்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நல்லதென்றும் நினைத்தாள். நீங்களுமா மா என்று ஒரு வார்த்தை கேட்டால் அழுது தீர்த்துவிடலாம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவள் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினான்.

"பெலே, மா" என்றான். "சாரி. சாரி-ஓ."

நடைக்கூடத்தில் கிழவரின் தலையை ஏந்திக்கொண்டு சொன்னானே, அதே குரல். அதில் குத்தலில்லை, நடிப்பில்லை. விழுந்த ஒருத்தியைக் கண்டு சொன்னான். திரேசா முகத்தைப் பொத்திக்கொண்டாள். டெக்ஸஸ் முழுக்க அந்தச் சொல்லின் அர்த்தம் விளங்கக்கூடியவர்கள் எத்தனை பேரோ, இந்தச் சமையலறையில் அவளும் அவள் புருசனும் இருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. தர்மராசா அதை மூட மறந்து நின்றான்.

ஜெசிந்தா டிவியை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். தாயையும் கயோடேயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாம், ஒய் இஸ் ஹி சேயிங் சாரி? வட் டிட் ஹி டூ?"

புரூயிட்டின் மகள் கேட்ட அதே கேள்வி. முந்தினநாள் நிர்வாகியின் அறையில் இரைந்து சொல்லியிருக்க வேண்டிய பதில் திரேசாவின் வாயில் இப்போதுதான் வந்தது.

"ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை. அவன் ஒண்டுமே செய்யேல்லை."

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"நாளைக்குக் காலமை எத்தினை மணிக்கு அந்த இன்ஷூரன்ஸ்காரன் வாறான் எண்டு சொன்னவர்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். யாருக்கும் தெரியாது. "சரி, நான் வெள்ளனவே போய் வாசலிலை நிக்கிறன். ஜெசி, உன்ர கொப்பியிலை ஒரு தாள் கிழிச்சுத் தா."

"ஃபோர் வட்?"

"ஒரு சொல்லுக்குக் கருத்து எழுதோணும்."

தர்மராசா தண்ணீரை மூடினான். வந்து வெண்டிக்காய்ப் பலகையைத் தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டு, மேசையின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தான். எடுத்த பிறகும் இன்னொரு தரம் துடைத்தான்.

"ரெண்டு தாளாய்க் கிழி பிள்ளை" என்றான். "கைப்பிடியையும் எழுத இருக்கு."